மரப்பாலத்தில் தவறிய கால்: வடக்கு சிக்கிம் ரோந்தில் நடந்த ஆற்று மீட்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மே 22 அன்று முற்பகல், வடக்கு சிக்கிமின் மலைப்பகுதியில் ரோந்து போன இந்தியத் தரைப்படைக் குழுவைச் சேர்ந்த ஓர் அக்னிவீர் (நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்பட்ட இளம் வீரர்), மரக்கட்டைப் பாலம் ஒன்றைக் கடக்கும்போது நிலைதவறி ஓடைக்குள் விழுந்தார். குழுவுக்குத் தலைமை தாங்கிய இளம் லெப்டினன்ட் அவரைப் பிடிக்கத் தண்ணீரில் பாய்ந்தார். அவரைத் தொடர்ந்து ஒரு நாயக்கும் பாய்ந்தார். விழுந்தவர் கரை சேர்ந்தார், நாயக்கும் சேர்ந்தார். லெப்டினன்ட்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

மூவரின் பெயரும் அப்போதே செய்திகளில் வந்தவைதான். இந்த ஆய்வுக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை என்பதால் பதவியைச் சொல்லியே எழுதுகிறேன். குடும்பத்தாரைப் பற்றியும் இங்கே எதுவும் இல்லை. நிகழ்வு குறித்த தகவல்கள் ராணுவம் வெளியிட்ட விவரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நீரோட்டம், குளிர், கயிறு பற்றிய பகுதிகள் ஆற்று மீட்புப் பயிற்சியில் பொதுவாகக் கற்றுத்தருபவை. இரண்டையும் கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன். மலையேற்றக் குழு நடத்துபவர்கள், என்.சி.சி. முகாம் பொறுப்பாளர்கள், தீயணைப்பு, பேரிடர் மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது.

பின்னணி: இடமும் பருவமும்

வடக்கு சிக்கிமில் தண்ணீர் என்றால் டீஸ்டாவும் அதில் வந்து விழும் எண்ணற்ற ஓடைகளும்தான். லாச்சென், லாச்சுங் பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் இரண்டு ஆறுகள் சுங்தாங்கில் கூடி டீஸ்டாவாகின்றன. அதற்கு மேலே, சீன எல்லையை நோக்கிப் போகப் போக, சாலை குறைந்து நடைபாதை மிஞ்சும். ஓடைகளின் குறுக்கே கான்கிரீட் பாலம் கட்ட வாய்ப்பில்லாத இடங்களில் இரண்டு மூன்று மரங்களை வெட்டிப் போட்டுப் பாலமாக்கியிருப்பார்கள். 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனதோடு, பள்ளத்தாக்கு நெடுகப் பல பாலங்களையும் எடுத்துக்கொண்டது. எல்லையோரப் படைக்குப் பாலம் என்பது உயிர்நாடி. அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா, காயம்பட்டவர் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

மே மாதக் கடைசி அங்கே இரண்டுங்கெட்டான் பருவம். மேலே பனி வேகமாக உருகிக்கொண்டிருக்கும். கீழே பருவமழைக்கு முந்தைய மழை தொடங்கியிருக்கும். இந்த நிகழ்வு நடந்து பத்து நாளில், ஜூன் 1 அன்று, லாச்சென் அருகே சாத்தெனில் ராணுவ முகாம் மீது மண் சரிந்து வீரர்கள் பலியானார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பருவத்தின் குணம் புரியும்.

பனி உருகி ஓடும் ஓடைக்கு ஒரு நாளைய கணக்கு உண்டு. இரவில் மேலே உறைந்துவிடுவதால் விடியற்காலையில் தண்ணீர் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற உருகல் கூடி, பிற்பகலிலோ மாலையிலோ உச்சத்தைத் தொடும். காலை ஆறு மணிக்கு முழங்காலளவு ஓடியதே பிற்பகலில் இடுப்பைத் தொடலாம். ஆகவே முற்பகல் பதினொரு மணி என்பது இத்தகைய ஓடைகளில் பொதுவாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம்.

பின்னணி: குழுவும் பணியும்

குழு சிக்கிம் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தது. 2013-இல் உருவாக்கப்பட்ட இந்தப் பிரிவில் பெரும்பாலும் அந்த மண்ணின் மைந்தர்களே சேர்க்கப்படுகிறார்கள். மலை, குளிர், ஓடை எதுவும் அவர்களுக்குப் புதிதல்ல. அன்றைய வேலை பாதை திறக்கும் ரோந்து. பின்னாளில் ஆட்களை நிறுத்தப்போகும் முன்கள முகாம் ஒன்றுக்குப் போகும் வழியைச் சரிபார்த்து, நடமாட்டத்துக்குத் தயார்ப்படுத்துவது. துப்பாக்கிச் சண்டை எதிர்பார்க்கப்பட்ட பணி அல்ல. பயிற்சிக்கும் களப்பணிக்கும் நடுவில் இருப்பது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மலையில் நடக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட ரோந்துகளில்தான். பயிற்சிக் காலத்து மீட்பு நிகழ்வுகளோடு சேர்த்து இதைப் படிப்பது அதனால்தான் பொருந்துகிறது.

குழுத் தலைவர் 23 வயது லெப்டினன்ட். 2024 டிசம்பரில் பதவியேற்றவர், ஆறு மாதம் நிறையவில்லை. தண்ணீரில் விழுந்தவர் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த வீரர். இளம் வயதில் எடுக்கப்பட்டு, நான்காண்டுப் பணிக்காலத்தில் இருப்பவர்கள் இவர்கள். உதவிக்குப் பாய்ந்த மூன்றாமவர் நாயக், அதாவது சில ஆண்டு அனுபவம் உள்ள, சாதாரண வீரருக்கு மேற்பட்ட பதவியில் இருப்பவர். ஆக, நிகழ்வின் மையத்தில் இருந்த மூவரில் இருவர் படைக்கு ஏறக்குறையப் புதியவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லாப் படைகளிலும் முன்வரிசை இப்படித்தான் இருக்கும். திட்டம் போடுபவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம் என்பதால் குறிக்கிறேன்.

நடந்தது

ஏறத்தாழ 11 மணி. குழு மரக்கட்டைப் பாலத்தைக் கடக்கிறது. அக்னிவீர் நிலைதவறி ஓடையில் விழுகிறார். நீரோட்டம் அவரை உடனே இழுத்துக்கொண்டு போகிறது.

லெப்டினன்ட் பாய்கிறார். நாயக் தொடர்கிறார். இருவரும் சேர்ந்து மூழ்கிக்கொண்டிருந்தவரை எட்டிப் பிடித்துக் காப்பாற்றுகிறார்கள். அந்தப் போராட்டத்தினிடையே லெப்டினன்ட் வெள்ளத்தில் சிக்கி இழுத்துச் செல்லப்படுகிறார். குழுவினர் தேடுகிறார்கள். 11.30 மணியளவில், விழுந்த இடத்திலிருந்து 800 மீட்டர் கீழே, அவருடைய உடல் கிடைக்கிறது.

அவ்வளவுதான் நிகழ்ச்சி. அரை மணி நேரம், அதற்குள் 800 மீட்டர். ஒருவர் விழுந்து, இருவர் பாய்ந்து, இருவர் மீண்டார்கள். மேலோட்டமாகப் படித்தால் வீரக்கதை. அந்த இரண்டு எண்களையும் கையில் எடுத்துக் கணக்குப் போட்டால் வேறு சில விஷயங்கள் தெரியவரும்.

ஓடையின் கணக்கு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊரில் சொல்வது குளத்துக்கும் ஏரிக்கும் பொருந்தும். மலை ஓடையில் ஆளைக் கொல்வது ஆழம் அல்ல, வேகம். தண்ணீர் ஓர் உடம்பின் மேல் தரும் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரு கால்களும் இடுப்புவரை நீரில் நிற்கும் ஒருவருக்கு நீரோட்டத்துக்கு எதிரே இருக்கும் பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அவர்மேல் விழும் விசை ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமம், சமாளித்து நிற்கலாம். வேகம் 2 மீட்டரானால் 60 கிலோ. 3 மீட்டரானால் 135 கிலோ. எந்தப் பயில்வானும் நிற்க முடியாது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு 1 மீட்டர் வேகமும் 2 மீட்டர் வேகமும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இப்போது அந்த 800 மீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் தண்ணீரில் மிதந்து போகும் ஒருவர் அந்தத் தூரத்தை ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிடுவார். 3 மீட்டர் வேகமென்றால் நாலரை நிமிடம். மலை ஓடைகளில் இந்த வேகங்கள் அபூர்வம் அல்ல. கரையில் இருப்பவர் அவரோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் மணிக்கு 7 முதல் 11 கிலோமீட்டர் வேகத்தில், பாறைகள் மேலும் புதர் வழியாகவும், உயரமான மலையின் மெல்லிய காற்றில், பூட்ஸும் ஆயுதமுமாக ஓட வேண்டும். நடக்காது. ஒருவர் வெள்ளத்தில் போன பிறகு அவரைத் துரத்திப் பிடிக்கலாம் என்ற எண்ணமே இந்த இடத்தில் செல்லாது. பிடிப்பவர் அவருக்கு முன்னாலேயே கீழே நின்றிருக்க வேண்டும்.

பிறகு குளிர். பனி உருகி வரும் நீர் 10 டிகிரிக்கும் கீழே இருப்பது சாதாரணம். அதில் திடீரென்று விழுந்தவுடன் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அதற்கு அடுத்த பத்து நிமிடம்வரை கைகால் ஓரளவு வேலை செய்யும். அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயிறு கைக்கு வந்தாலும் பற்ற முடியாது. உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஆனால் வேகமான ஓடையில் யாரும் அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை. மூச்சும் கையும் முன்னாலேயே கைவிட்டுவிடும். நீச்சல் குளத்தில் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டியவர் இங்கே நீந்துவார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் குளிர் விழுந்தவருக்கு மட்டும் இல்லை. பின்னால் குதிப்பவருக்கும் அதே மூச்சிழுப்பு, அதே பத்து நிமிடம். போதாக்குறைக்கு அவர் இன்னொருவரின் எடையையும் சுமக்க வேண்டும். மூழ்கிக்கொண்டிருப்பவர் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பார். தன்னைக் காப்பாற்ற வந்தவரின் கழுத்தானாலும் பிடிப்பார். அவருக்கு அது கழுத்து என்று தெரியாது. நீரில் ஒருவரைக் காப்பாற்றப் போய்ப் போனவர் இறக்க, முதலில் விழுந்தவர் பிழைக்கும் நிகழ்வுகள் உலகெங்கும் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன. காவிரியிலும் தாமிரபரணியிலும் ஆண்டுதோறும் வரும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகள், அவற்றுக்கான காரணம்

லெப்டினன்ட்டுக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு? விழுந்தவர் ஐந்து வினாடியில் பத்துப் பதினைந்து மீட்டர் போயிருப்பார். பார்த்து, புரிந்துகொண்டு, ஏதாவது செய்வதற்கு இருந்தது அந்த ஐந்து வினாடி. ஆற்று மீட்பில் ஒரு படிவரிசை சொல்லித்தருவார்கள்: கரையில் நின்றபடி கம்போ கையோ நீட்டு, எட்டாவிட்டால் கயிறு எறி, படகு இருந்தால் படகில் போ, வேறு எதுவும் இல்லாதபோதுதான் தண்ணீரில் இறங்கு. வரிசை சரியானது. ஆனால் முதல் மூன்றுக்கும் பொருளும் ஆளும் முன்கூட்டியே அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். ஐந்து வினாடியில் பையைத் திறந்து கயிறு தேட முடியாது. கயிறு கையில் இல்லாத எந்த இடத்திலும் படிவரிசை நேராக நான்காவதுக்கு வந்து நிற்கும். அப்போது கரையில் இருப்பவருக்கு இரண்டே வழி: பார்த்துக்கொண்டிருப்பது, பாய்வது.

ஏன் பாய்ந்தார் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டேராடூன் இந்திய ராணுவ அகாதமியில் பயின்று வெளிவரும் ஒவ்வோர் அதிகாரியும் மனப்பாடமாக அறிந்த வாசகம் ஒன்று உண்டு. 1932-இல் அகாதமியைத் தொடங்கிவைத்து அன்றைய தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில். உன் கீழ் இருக்கும் வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து. உன் சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில் என்பது அதன் சாரம். அகாதமியின் மண்டபத்தில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதத்துக்கு முன்பு அங்கிருந்து வந்தவருக்கு அது சுவரில் உள்ள எழுத்தாக இருந்திருக்காது. தன் ஆள் தண்ணீரில் போகும்போது யார் முதலில் இறங்க வேண்டும் என்ற கேள்வியே அவருக்கு எழுந்திருக்க வாய்ப்பில்லை.

பேரிடர் மீட்பில் இருப்பவர்கள் இங்கே ஒரு ஆட்சேபம் எழுப்புவார்கள். நியாயமான ஆட்சேபம்தான். குழுத் தலைவர் தண்ணீரில் இறங்கிவிட்டால் கரையில் யார் தலைவர்? யார் கீழே ஆள் ஓட்டுவது, யார் வயர்லெஸ்ஸில் பேசுவது, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதிக்காமல் யார் தடுப்பது? மீட்புப் படைகளில் தலைவர் நனையக் கூடாது என்பது எழுதாத விதி. ராணுவத்தின் மரபோ தலைவர் முன்னால் நிற்க வேண்டும் என்பது. இரண்டும் மோதுகின்றன.

என் கருத்து இது: அந்த வினாடியில் இந்த மோதலைத் தீர்க்கச் சொல்லி ஒரு 23 வயதுக்காரரிடம் விடுவதே தவறு. அது பாலத்துக்கு வருமுன்னரே தீர்ந்திருக்க வேண்டும். யாராவது விழுந்தால் தண்ணீரில் இறங்கும் ஆள் இன்னார், அவருக்கு லைஃப் ஜாக்கெட் இதோ, கயிறு இவர் கையில் என்று ஓடைக்கு ஓடை சொல்லிவைத்தால் தலைவர் கரையில் நிற்பது கோழைத்தனமாகாது, அவர் வேலையாகிவிடும். சொல்லிவைக்காதபோது நல்ல தலைவர் பாய்வார். பாயாதவரைப் படை மதிக்காது. ஆகவே அவர் எடுத்த முடிவைத் தவறு என்று எழுத எனக்கு இடமில்லை.

நாயக் எடுத்த முடிவு குறைவாகவே பேசப்பட்டது. இரண்டாவதாகப் பாய்பவருக்கு நிலைமை முதலாமவரைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் ஒருவரை எப்படி இழுக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டார். இருந்தும் பாய்கிறார். தொழில்நுட்ப ரீதியிலும் அந்தப் பாய்ச்சல் முக்கியமானது. வேகமான நீரில் ஒருவர் தனியாக இன்னொருவரைக் கரைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். ஒருவர் தலையை நீருக்கு மேல் தாங்க, மற்றவர் கரைப்பக்கம் இழுக்க வேண்டியிருக்கும். இருவர் சேர்ந்துதான் அக்னிவீரைக் காப்பாற்றினார்கள் என்று ராணுவமே சொல்கிறது. ஆனால் இப்படிப்பட்ட மீட்பில் ஒரு கொடுமை உண்டு. காப்பாற்றுபவர் மற்றவரைக் கரைநோக்கித் தள்ளும் ஒவ்வொரு தடவையும் அதே விசை அவரை நடு ஓடைக்குத் தள்ளும். விழுந்தவர் கரையில் கைவைக்கும் நேரமும் காப்பாற்றியவர் மிகவும் களைத்திருக்கும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. எல்லாருடைய கண்ணும் அப்போது கரையேறுகிறவர் மேல் இருக்கும்.

பின்விளைவுகள்

அதிகாரியின் உடல் ராணுவ மரியாதையோடு சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டது. 2025 சுதந்திர தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட வீர விருதுகளில் அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. எதிரியோடு நேருக்கு நேர் மோதாத சூழலில் காட்டும் வீரத்துக்கான விருதுகளில் அசோக சக்ராவுக்கு அடுத்தது அது. போர்க்கால மகாவீர் சக்ராவுக்கு நிகரானது. தோட்டா பாயாத இடத்தில், ஒரு ஓடைக்கரையில் நடந்த செயலை ராணுவம் அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தது கவனிக்க வேண்டியது.

நாளிதழ்களில் இந்தச் செய்தி இரண்டு மூன்று நாள் ஓடியது. தியாகம் என்ற சொல் தலைப்புகளில் நிறைந்திருந்தது. பாலத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. இறந்தவரை மதிப்பதும் பாலத்தைப் பற்றிக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது.

இமயமலை ஆறுகளில் படைவீரர்கள் இறப்பது இது முதல்முறை அல்ல. 2024 ஜூன் இறுதியில் கிழக்கு லடாக்கின் சாசர் பிராங்சா பகுதியில், இரவுப் பயிற்சியின்போது ஷியோக் ஆற்றில் தண்ணீர் திடீரென்று உயர, டி-72 டாங்கி ஒன்று சிக்கி ஐந்து வீரர்கள் இறந்தார்கள். மீட்கப் போனவர்களால் வேகத்தை மீறி நெருங்க முடியவில்லை. நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புக்கும் அதே தண்ணீர்தான், பாலத்தில் நடந்துபோகும் இளைஞனுக்கும் அதே தண்ணீர்தான். இரண்டு நிகழ்விலும் பொதுவானவை பருவம், உருகும் பனி, கணத்தில் மாறும் நீர்மட்டம்.

இனி மாற வேண்டியவை

கீழே சொல்பவை அந்தக் குறிப்பிட்ட ரோந்தின் மேல் வைக்கும் தீர்ப்பு அல்ல. இப்படி ஓர் ஓடையைக் கடக்கும் எந்தக் குழுவுக்கும், சீருடை அணிந்ததோ அணியாததோ, பொருந்துபவை.

முதலாவது நேரம். பனியோடைகளை விடியலில் கடக்கும்படி நடையைத் திட்டமிட வேண்டும். இதற்காக முந்தின நாள் இரவு ஓடைக்கு இக்கரையிலேயே தங்க வேண்டி வரலாம், ஒரு நாள் வீணாவதுபோலத் தோன்றும். ஆனாலும் மலையேறிகள் இதைக் கட்டாயமாகவே கடைப்பிடிக்கிறார்கள்.

அடுத்தது பாலம். ஈரமான மரக்கட்டை எப்படி வழுக்கும் என்பது மிதித்தவருக்குத் தெரியும். பட்டை உரிந்த இடத்தில் பாசி படிந்து, சாரல் தெறித்து, அதன் மேல் முன்னால் போனவரின் பூட்ஸில் ஒட்டியிருந்த சேறும் சேர்ந்திருக்கும். பத்தாவது ஆள் மிதிக்கும் கட்டை முதல் ஆள் மிதித்த கட்டை அல்ல. எளிய தீர்வு, கட்டையின் மேல் குறுக்காகச் சிறு குச்சிகளை அடித்துவிடுவது, அல்லது கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டுவது. அதோடு, இடுப்பளவு உயரத்தில் இரு கரைக்கும் இடையே ஒரு கைப்பிடிக் கயிறு. பாதை திறக்கும் ரோந்து என்றால் பாலத்துக்குக் கைப்பிடி போடுவதும் பாதை திறப்பில் சேர்ந்ததுதான். பின்னால் வரும் நூற்றுக்கணக்கானவர்கள் அதே கட்டையில்தான் நடக்கப்போகிறார்கள்.

கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். பாதுகாப்புக்கென்று நினைத்து ஆளைக் கயிற்றில் இறுகக் கட்டி ஓடையைக் கடக்கவிடுவது பலரும் செய்யும் காரியம். வேகமான தண்ணீரில் அது கொலைக்கயிறாகிவிடும். விழுந்தவரைக் கயிறு ஓரிடத்தில் நிறுத்திவிட, தண்ணீர் அவர் மேலே ஏறி அமுக்கிவிடும். தலை வெளியே வராது. கையால் பிடிக்கும் கயிறு வேண்டும், அல்லது இழுத்தவுடன் கழன்றுவிடும் சிறப்புக் கச்சை வேண்டும். இரண்டும் இல்லாமல் முடிச்சுப் போடவே கூடாது.

முதுகுப்பை பற்றியும் இதையே சொல்ல வேண்டும். ஓடைக்கு வந்ததும் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட்டு, தோள் வாரை மட்டும் தளர்த்தி மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் தோளைச் சாய்த்ததும் பை கழன்று போய்விடும். பை போனால் போகட்டும் என்று தலைவர் வாயால் சொல்லிவைப்பது முக்கியம். அரசாங்கச் சாமானைத் தொலைத்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பையை விடாமல் பிடித்துக்கொண்டு மூழ்குவது புதியவர்களுக்கு இயல்பு. ஆயுதத்துக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தும். அதைச் சொல்லும் அதிகாரம் மேலிடத்துக்குத்தான் உண்டு, எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கீழே நிற்கும் ஆள். மேலே போட்ட கணக்கு இதற்காகத்தான். மிதக்கும் கயிறு அடைத்த எறிபை ஒன்று 15 முதல் 20 மீட்டர் நீளம் இருக்கும். கரையில் நிற்பவர் அதை எட்டக்கூடிய ஓடைப்பகுதி ஏறத்தாழ 20 மீட்டர் என்று வைத்தால், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருபவர் அந்தப் பகுதியை ஏழு வினாடியில் தாண்டிவிடுவார். ஒரு எறிதான் கிடைக்கும். அதனால் ஒருவர் போதாது. பாலத்துக்கு முப்பது மீட்டர் கீழே ஒருவர், அவருக்கும் முப்பது மீட்டர் கீழே இன்னொருவர், இருவர் கையிலும் எறிபை, வாய் அவிழ்த்துத் தயாராக. எறியும்போது கயிற்றின் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, விழுந்தவரின் பெயரைச் சொல்லிக் கத்தி அவர் தன்னைப் பார்த்த பிறகு, பை அவர் தலைக்கு மேலாகப் போய் அப்பால் விழும்படி வீச வேண்டும். கயிறு அவர் மார்பின்மேல் குறுக்காக விழும். அவர் பையைப் பிடிக்கக் கூடாது, கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்து, தோளின் மேலாகக் கொண்டுவந்து, மல்லாந்து, கால் நீரோட்டம் போகும் திசையில் இருக்கும்படி படுத்துவிட்டால் நீரோட்டமே அவரை வில்போல வளைத்துக் கரையில் சேர்க்கும். இழுக்கத் தேவையில்லை, எறிந்தவர் கால் ஊன்றி நின்றால் போதும். இதைத் தரையில் நின்று பாடமாகக் கேட்டால் யாருக்கும் வராது. ஓடும் தண்ணீரில், குளிரில், இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்து பார்க்க வேண்டும். விழுபவராகவும் இருந்து பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு எறிபை, ஒரு கைப்பிடிக் கயிறு, ஒன்றிரண்டு லைஃப் ஜாக்கெட். எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் சுமக்கக்கூடிய எடை. செலவாவது நேரம்தான். ஒவ்வொரு ஓடையிலும் பதினைந்து இருபது நிமிடம். ஒரு நாளில் ஐந்து ஓடை வந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று மேலிருந்து நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்த இருபது நிமிடம். ஆகவே இதைக் குழுத் தலைவரின் விருப்பத்துக்கு விடாமல், நடைநேரக் கணக்கிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் திட்டம் போடுபவர்கள்.

தப்பிய நிகழ்வுகளைப் பதிவு செய்வது இன்னொன்று. ஒருவர் வழுக்கி, கட்டையைக் கட்டிப்பிடித்துத் தொங்கி, மற்றவர்கள் தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடையைத் தொடர்ந்த சம்பவங்கள் எல்லாக் குழுவிலும் இருக்கும். யாரும் எழுதிவைப்பதில்லை. எந்தப் பாலத்தில், எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு இருந்தபோது என்று மூன்று வரி எழுதினால், அடுத்து வரும் குழுவுக்கு அது வரைபடத்தைவிட உதவும்.

கரையேறியவருக்குச் செய்ய வேண்டியவை

மீட்பு நிகழ்வுகளில் இந்தப் பகுதி எப்போதும் விடுபட்டுப்போகிறது. காணாமல் போனவரைத் தேடும் பதற்றத்தில், கரையேறியவர் பிழைத்துவிட்டார் என்று ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். குளிர்நீரில் மூழ்கி எழுந்தவர் நன்றாகப் பேசினாலும் ஆபத்தைத் தாண்டியவர் அல்ல. ஈர உடையை அவிழ்த்து, உலர்ந்த போர்வையில் சுற்றி, படுக்கவைக்க வேண்டும். நடக்கவைத்தால் கைகால்களில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி, உடல் வெப்பம் கரையேறிய பிறகும் இறங்கும். நுரையீரலுக்குள் போன நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்து இருமலாகவும் மூச்சுத்திணறலாகவும் தலைகாட்டலாம். அதனால் ஆக்சிஜன் வசதியுள்ள இடத்தில் ஒரு நாளாவது மருத்துவக் கண்காணிப்பில் வைப்பதே முறை. காப்பாற்றப் பாய்ந்து திரும்பியவருக்கும் இதே கவனிப்பு வேண்டும். அவர் தானாகக் கேட்க மாட்டார்.

உடம்பு தேறிய பிறகு வருவது வேறு. தன்னைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் இறந்தார் என்பதைச் சுமக்கும் இளைஞரிடம், சுற்றியிருப்பவர்கள் ஆறுதலாக நினைத்துக்கொண்டு அவர் செய்த தியாகத்துக்குத் தகுதியாக நடந்துகொள் என்பார்கள். அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. நடந்ததைக் குழுவாக உட்கார்ந்து, யார் எங்கே நின்றோம், என்ன பார்த்தோம் என்று வரிசையாகப் பேசவைப்பதும், தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் அனுப்புவதும் பலன் தரும். மறுபடி ஓடையைக் கடக்கும் வேலையில் அவரை உடனே முன்னால் நிறுத்தவும் வேண்டாம், அப்படியே ஒதுக்கியும் வைக்க வேண்டாம். முதலில் கரையில், கீழ்ப்பக்கம், எறிபையோடு நிற்கும் வேலையைக் கொடுக்கலாம்.